எத்தனை எப்.பி.எஸ். என்று மட்டும் கேட்காதீர்கள்!

"சார், பையன் கேம் விளையாட பிளே ஸ்டேஷன் வாங்கித் தரலாமா, இல்லை வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டருக்கே ஒரு கிராபிக்ஸ் கார்டு போட்டு விடலாமா? எதில் எப்.பி.எஸ். அதிகம் வரும்?"

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் இது இப்போது முதல் வரிசைக்கு வந்து விட்டது. முன்பெல்லாம் கம்ப்யூட்டர் என்றால் "எத்தனை மெகா ஹெர்ட்ஸ்?" என்பார்கள். பிறகு டிஜிட்டல் கேமரா வந்தபோது "எத்தனை மெகா பிக்ஸல்?" என்றார்கள். இப்போது அந்த நாற்காலியில் எப்.பி.எஸ். உட்கார்ந்திருக்கிறது. கடைக்காரருக்கும் இது வசதிதான். ஒரே ஒரு எண்ணைச் சொன்னால் போதும். பெரிய எண் என்றால் நல்ல பொருள் என்று நாமே முடிவு செய்து பர்ஸைத் திறந்து விடுகிறோம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லி விடுகிறேன். எப்.பி.எஸ். என்பது பயனுள்ள அளவுதான். ஆனால் தனியாகச் சொல்லப்படும் எப்.பி.எஸ். எண்ணை நம்பி இருபதாயிரம், முப்பதாயிரம் ரூபாயை எடுத்து வைக்கக் கூடாது. எந்த அளவு படத்தில் அந்த எண் கிடைத்தது, மோசமான கட்டத்தில் எவ்வளவு இறங்கியது, எல்லாமே உண்மையில் வரையப்பட்ட பிரேம்கள்தானா, அவற்றை உங்கள் திரை காட்டுமா என்று நான்கு கேள்விகள் கேட்ட பிறகுதான் அந்த எண்ணுக்கு அர்த்தமே வருகிறது. கேம் கன்சோலையும் கம்ப்யூட்டரையும் ஒப்பிடும்போது இந்த நான்கையும் யாரும் கேட்பதில்லை என்பதுதான் என் வருத்தம்.

பிரேம் என்பது என்ன?

புதியவர்களுக்காகச் சுருக்கமாகப் பார்த்து விடலாம். சினிமா என்பது விநாடிக்கு 24 படங்கள். நம் ஊர் பழைய டிவி ஒளிபரப்பில் விநாடிக்கு 25 படங்கள். கேமும் இப்படித்தான் அடுத்தடுத்து படங்களைக் காட்டுகிறது. ஒவ்வொரு படமும் ஒரு பிரேம். ஒரு விநாடியில் எத்தனை பிரேம் வருகிறது என்பதே எப்.பி.எஸ்.

"சினிமாவுக்கு 24 போதும் என்றால் கேமுக்கு ஏன் 60?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. சினிமா கேமரா ஓடுகிற மனிதனைப் படம் பிடிக்கும்போது அந்த ஓட்டம் ஒவ்வொரு படத்திலும் சற்றே கலங்கிப் பதிகிறது. அந்தக் கலங்கல் அடுத்த படத்துடன் இழைந்து கண்ணை ஏமாற்றுகிறது. கேமில் வரும் படங்கள் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு வரைபவை. ஒவ்வொன்றும் கத்தியால் வெட்டியது போல் தெளிவாக இருக்கும். அதனால் எண்ணிக்கை குறைந்தால் துள்ளல் தெரிகிறது. இன்னொன்று, சினிமாவை நாம் பார்க்கிறோம். கேமை நாம் ஓட்டுகிறோம். பட்டனை அழுத்தினால் அதன் பலன் அடுத்து வரும் பிரேமில்தான் தெரியும். பிரேம் தாமதமானால் கை தாமதமானது போல் தோன்றும்.

இந்தத் தாமதத்தை மில்லி விநாடியில் பார்த்தால் விஷயம் தெளிவாகும். விநாடிக்கு 30 பிரேம் என்றால் ஒரு பிரேமுக்கு 33.3 மில்லி விநாடி. 60 என்றால் 16.7. 120 என்றால் 8.3. 240 என்றால் 4.2. முப்பதிலிருந்து அறுபதுக்குப் போனால் 16.7 மில்லி விநாடி மிச்சம். அறுபதிலிருந்து 120க்குப் போனால் மிச்சம் அதில் பாதி. 120லிருந்து 240க்குப் போக கார்டுக்கு எவ்வளவு செலவு செய்தாலும் கிடைப்பது 4 மில்லி விநாடி சொச்சம். எண் இரட்டிப்பாகிறது, பயன் இரட்டிப்பாவதில்லை. கடை விளம்பரத்தில் இந்தக் கணக்கு இருக்காது.

60 வந்தது எப்படி?

2007ல் வெளியான கால் ஆப் டூட்டி 4: மாடர்ன் வார்பேர் கேமை எடுத்துக் கொள்ளுங்கள். பிளே ஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 இரண்டிலும் அது விநாடிக்கு 60 பிரேமை ஒட்டி ஓடியது. அந்தக் காலக் கன்சோலில் பெரும்பாலான கேம்கள் 30ல் ஓடிக் கொண்டிருந்தபோது இது பெரிய சாதனை. எப்படிச் செய்தார்கள்? அப்போது எச்.டி. என்று சொல்லப்பட்டது 1280 x 720 புள்ளிகள் கொண்ட படம். இந்த கேம் உள்ளுக்குள் வரைந்தது 1024 x 600 மட்டுமே. கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக மூன்றில் இரண்டு பங்கு புள்ளிகள். மீதியைக் கன்சோல் இழுத்துப் பெரிதாக்கி டிவிக்கு அனுப்பியது. அதே ஆண்டு வந்த ஹேலோ 3 கூட 1152 x 640 அளவில்தான் வரையப்பட்டது. அதற்குக் கிடைத்ததும் 30 பிரேம்தான். ஒளியும் நிழலும் நன்றாக இருக்க வேண்டும் என்று அவர்கள் தேர்ந்தெடுத்த வழி அது.

இதை மோசடி என்று நான் சொல்லவில்லை. என் பார்வையில் கால் ஆப் டூட்டி செய்தது மிகச் சரி. வேகமாகச் சுட வேண்டிய கேமில் கை சொன்னபடி நடப்பதுதான் முக்கியம். ஆனால் பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டரில் அதே கேம் 1280 x 1024 மானிட்டரில் 45 பிரேம் ஓடியது என்று வைத்துக் கொள்வோம். "கன்சோல் 60, கம்ப்யூட்டர் 45, ஆகவே கன்சோல் ஜெயித்தது" என்று சொல்ல முடியுமா? அந்தக் கம்ப்யூட்டர் ஒவ்வொரு பிரேமிலும் இரண்டு மடங்குக்கும் மேலான புள்ளிகளை வரைந்திருக்கிறதே!

இன்றும் கதை இதுதான். பிளே ஸ்டேஷன் 5ல் பல கேம்களின் மெனுவில் இரண்டு வழிகள் இருக்கும். ஒன்றில் படம் தெளிவாக, 30 பிரேமில் வரும். மற்றொன்றில் தெளிவு சற்றுக் குறைந்து 60 பிரேமில் வரும். "பிளே ஸ்டேஷன் 5ல் இந்த கேம் 4கே, 60 பிரேம்" என்று யாராவது சொன்னால் இரண்டும் ஒரே நேரத்திலா என்று கேளுங்கள். 4கே படத்தில் சுமார் 83 லட்சம் புள்ளிகள். 1080பி படத்தில் சுமார் 21 லட்சம். நான்கு மடங்கு வேலை. கன்சோலில் எதை விட்டுக் கொடுப்பது என்பதை கேம் தயாரித்தவர் முடிவு செய்து தருகிறார். கம்ப்யூட்டரில் அந்த முடிவு உங்கள் தலையில் விழுகிறது. நிழல், பிரதிபலிப்பு, புல், புகை என்று நாற்பது வகை செட்டிங்குகள். "அல்ட்ரா" என்பதை அழுத்தினால் ஒரு எண் வரும். "மீடியம்" என்பதை அழுத்தினால் அதே கார்டில் வேறு எண் வரும். கடைக்காரர் சொன்ன எண் எந்த செட்டிங்கில் வந்தது?

கன்சோல் தயாரிப்பாளர்கள் ஏன் முப்பதையே பிடித்துக் கொண்டிருந்தார்கள் என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. ராட்செட் அண்ட் கிளாங்க் கேம்களைத் தயாரித்த இன்சோம்னியாக் நிறுவனத்தின் மைக் ஆக்டன் 2009ல் வெளிப்படையாகவே எழுதினார்: 60 பிரேமுக்காகப் படத்தின் அழகை விட்டுக் கொடுப்பதை இனி கட்டாயமாக வைத்துக் கொள்ள மாட்டோம், விமர்சகர்களும் வாங்குபவர்களும் அழகான படத்துக்குத்தான் மதிப்பெண் போடுகிறார்கள் என்பது அவர் வாதம். பத்திரிகையில் அச்சாகும் புகைப்படத்தில் அழகு தெரியும். அசைவு தெரியாது அல்லவா! நாம் எதைப் பார்த்து வாங்குகிறோமோ அதைத்தான் அவர்கள் செய்து தருகிறார்கள்.

டெராபிளாப் கூத்து

எண்களை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதற்கு ஒரு வேடிக்கையான உதாரணம். 2005ல் பிளே ஸ்டேஷன் 3ஐ அறிமுகம் செய்த சோனி, அதன் மொத்தத் திறன் 2 டெராபிளாப் என்று மேடையில் அறிவித்தது. 2013ல் பிளே ஸ்டேஷன் 4 வந்தது. அதன் கிராபிக்ஸ் சிப் திறன் 1.84 டெராபிளாப். அப்படியானால் புதியது பழையதை விட மட்டமா? இல்லவே இல்லை. பிளே ஸ்டேஷன் 4 பல மடங்கு மேலானது என்பதை இரண்டிலும் விளையாடிய எந்தச் சிறுவனும் சொல்வான். முதல் எண்ணைக் கூட்டிய முறை வேறு, இரண்டாவது எண்ணைக் கூட்டிய முறை வேறு. அவ்வளவுதான். 2020ல் வந்த எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் 12 டெராபிளாப், பிளே ஸ்டேஷன் 5 10.28 டெராபிளாப். ஆனாலும் பல கேம்கள் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஓடுகின்றன. சில கேம்கள் எண் குறைந்த கன்சோலில் சற்று நன்றாகவே ஓடியதும் உண்டு.

சராசரி என்னும் மாயை

மணிக்கு ஆறு பஸ் என்று ஸ்டாண்டில் எழுதியிருக்கிறது. நீங்கள் ஐம்பது நிமிடம் வெயிலில் நிற்கிறீர்கள். பிறகு ஆறு பஸ்ஸும் ஒன்றன் பின் ஒன்றாக ஊர்வலம் வருகின்றன. மணிக்கு ஆறு பஸ் என்பது பொய்யா? கணக்குப்படி உண்மைதான். நின்றவனுக்குத்தான் தெரியும்.

எப்.பி.எஸ். சராசரியும் இதே போலத்தான். ஒரு விநாடியில் 59 பிரேம்கள் முதல் 0.8 விநாடிக்குள் வந்து, அறுபதாவது பிரேம் மட்டும் 0.2 விநாடி எடுத்துக் கொண்டது என்றால், திரையின் மூலையில் உள்ள எண் 60 என்றே காட்டும். உங்கள் கண்ணுக்கோ படம் ஒரு கணம் உறைந்து நின்றது போல் தெரியும். வளைவில் திரும்பும் நேரத்தில் அது நடந்தால் கார் சுவரில்.

இதைப் பத்திரிகைகளே வெகு காலம் கண்டு கொள்ளவில்லை. சராசரியை மட்டும் பட்டை பட்டையாக வரைந்து போட்டுக் கொண்டிருந்தார்கள். 2011ல் டெக் ரிப்போர்ட் இதழின் ஸ்காட் வாசன், ஒரு விநாடிக்குள் என்ன நடக்கிறது என்று ஒவ்வொரு பிரேமும் எடுத்துக் கொண்ட நேரத்தைத் தனித்தனியாக அளந்து எழுதினார். அதன் பிறகுதான் இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளைச் சேர்த்துப் போட்டவர்களின் புலம்பலுக்குக் காரணம் தெரிந்தது. எண் ஏறக்குறைய இரண்டு மடங்கு காட்டும். ஆனால் பிரேம்கள் ஜோடி ஜோடியாக ஒட்டி வந்து, நடுவில் இடைவெளி விழும். இரண்டாவது கார்டுக்குக் கொடுத்த காசில் பெரும் பகுதி எண்ணுக்குத்தான் போயிற்று. இன்று நல்ல விமர்சனங்களில் சராசரிக்குப் பக்கத்தில் "1 சதவீதத் தாழ்வு" என்று இன்னொரு எண்ணும் இருக்கும். மிக மெதுவாக வந்த 1 சதவீத பிரேம்களை வைத்து எடுத்த கணக்கு அது. சராசரியை விட்டு விட்டு அதை முதலில் பாருங்கள். சராசரி 90, தாழ்வு 30 என்ற கார்டை விட, சராசரி 70, தாழ்வு 55 என்ற கார்டைத்தான் நான் வாங்குவேன்.

கன்சோல்காரர்கள் சிரிக்க வேண்டாம். 2015ல் பிளே ஸ்டேஷன் 4க்கு வந்த பிளட்போர்ன் அருமையான கேம். 30 பிரேம் என்று பூட்டு போட்டு விட்டார்கள். ஆனால் அந்த முப்பதும் சீராக 33.3 மில்லி விநாடிக்கு ஒன்றாக வரவில்லை. ஒன்று 16, அடுத்தது 50, அதற்கடுத்தது 33 என்று தாறுமாறாக வந்தது. எண் 30தான், பார்ப்பதற்கு அதை விடக் குறைவாகத் தெரிந்தது. 2014ல் வந்த அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி கன்சோல்களில் கூட்டம் நிறைந்த பாரிஸ் தெருக்களில் முப்பதைக் கூடப் பிடிக்க முடியாமல் இருபதுகளில் தள்ளாடியது. 2020 டிசம்பரில் வந்த சைபர்பங்க் 2077 நல்ல கம்ப்யூட்டரில் கண்ணைப் பறித்தது. சாதாரண பிளே ஸ்டேஷன் 4ல் இருபதுக்கும் கீழே விழுந்தது. சோனி அதைத் தன் ஆன்லைன் கடையிலிருந்தே எடுத்து விட்டது. 2021 ஜூனில்தான் திரும்ப வைத்தது.

கம்ப்யூட்டர்காரர்களும் சிரிக்க வேண்டாம். 2015 ஜூனில் பேட்மேன்: ஆர்க்கம் நைட் வந்தது. பிளே ஸ்டேஷன் 4ல் 30 பிரேமில் ஒழுங்காக ஓடிய அந்த கேம், அதை விடப் பல மடங்கு விலை கொண்ட கம்ப்யூட்டர்களில் திக்கித் திணறியது. புகார்கள் குவிந்ததால் கம்ப்யூட்டர் பதிப்பின் விற்பனையையே நிறுத்தி விட்டார்கள். அக்டோபர் வரை விற்கவில்லை. ஆக, "கம்ப்யூட்டர்தான் எப்போதும் மேல்" என்பதும் "கன்சோல்தான் எப்போதும் தொல்லை இல்லாதது" என்பதும் டீக்கடைப் பேச்சு. எந்த கேம் என்று சொல்லாமல் பதில் சொல்ல முடியாது.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2014ல் வந்த டார்க் சோல்ஸ் 2 கேமில் வாள் தேய்ந்து உடையும். அந்தத் தேய்மானக் கணக்கை பிரேமோடு கட்டி வைத்து விட்டார்கள். கன்சோலில் 30 பிரேம். வாள் ஒரு அளவு தாங்கியது. கம்ப்யூட்டரில் 60 பிரேம். வாள் இரண்டு மடங்கு வேகத்தில் உடைந்தது! அதிகப் பணம் போட்டு அதிக பிரேம் வாங்கியவருக்குக் கையில் உடைந்த வாள். 2015ல்தான் சரி செய்தார்கள்.

வரையாமல் வந்த பிரேம்கள்

இப்போது கடைகளில் நடக்கும் பெரிய குழப்பத்துக்கு வருவோம். 2025 ஜனவரியில் என்விடியா நிறுவனத் தலைவர் ஜென்சன் ஹுவாங் மேடையில் ஆர்டிஎக்ஸ் 5070 கார்டைக் காட்டி, 549 டாலருக்கு ஆர்டிஎக்ஸ் 4090 திறன் என்று அறிவித்தார். 4090 என்பது 2022ல் 1,599 டாலருக்கு வந்த கார்டு. கேட்பதற்கு எவ்வளவு இனிமை! ஆனால் 4090ல் 24 ஜிபி மெமரி, 5070ல் 12 ஜிபி. பிறகு எப்படி இரண்டும் சமம்?

விஷயம் இதுதான். புதிய கார்டுகள் ஒரு பிரேமை உண்மையாக வரைந்த பின், அடுத்த பிரேமையும் வரைந்து கையில் வைத்துக் கொண்டு, இரண்டுக்கும் நடுவில் எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்து மூன்று பிரேம்களைச் செருகி விடுகின்றன. நான்கில் ஒன்றுதான் கேம் வரைந்தது. மற்ற மூன்றும் ஊகம். எண் 200 காட்டும்போது கேம் உண்மையில் 50 முறைதான் உங்கள் மவுஸைக் கவனித்திருக்கிறது. பார்வைக்கு 200 போல வழுக்கிக் கொண்டு போகும். கைக்கு 50 போலத்தான் இருக்கும். அடுத்த பிரேமைக் கையில் வைத்துக் காத்திருப்பதால் கொஞ்சம் கூடுதல் தாமதமும் சேரும்.

இந்த வசதி கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே 60, 70 பிரேம் சீராக வருகிறது, உங்கள் மானிட்டர் 144 அல்லது 240 ஹெர்ட்ஸ் என்றால் இதைப் போட்டுப் பார்க்கலாம், நன்றாகவே இருக்கும். ஆனால் 25 பிரேமில் திணறும் கம்ப்யூட்டரை இதை வைத்துக் காப்பாற்ற முடியாது. அதை விட முக்கியம், ஒரு கார்டை இன்னொரு கார்டோடும் கன்சோலோடும் ஒப்பிடும்போது செருகிய பிரேம்களை எண்ணிக்கையில் சேர்ப்பதை நான் ஏற்றுக் கொள்வதில்லை. பாலில் தண்ணீர் ஊற்றிய பின் லிட்டர் கணக்கு சொல்வது போல. ஸ்டீம் புரோகிராமில் 2025ல் வந்த புதிய அளவு காட்டியில், செருகிய பிரேம்களையும் கேம் வரைந்த பிரேம்களையும் தனித்தனியாகப் பார்க்க முடிகிறது. செட்டிங்ஸில் இன்-கேம் பிரிவில் இதை இயக்கிக் கொள்ளலாம். கேம் ஆர்வம் உள்ளவர்கள் அவசியம் பார்க்க வேண்டியது இது.

உங்கள் திரை என்ன சொல்கிறது?

என் உறவினர் ஒருவர், மகளின் கல்லூரிப் படிப்புக்கும் மகனின் கேமுக்கும் சேர்த்து ஒரே கம்ப்யூட்டராக அசெம்பிள் செய்து வாங்கினார். இரண்டு ஆண்டு சேமிப்பு. கடையில் 250 எப்.பி.எஸ். என்று ஒரு கேமை ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்து மொத்தத் தொகையில் பாதிக்கு மேல் கிராபிக்ஸ் கார்டுக்கே போய் விட்டது. மீதிப் பணத்தில் என்ன வரும்? ஒரே ஒரு ராம் சிப், பெயர் தெரியாத பவர் சப்ளை, பழைய 60 ஹெர்ட்ஸ் மானிட்டர். நான் போய்ப் பார்த்தபோது மகள் பத்து டேப் திறந்து வைத்துக் கொண்டு கம்ப்யூட்டர் ஏன் இழுக்கிறது என்று கேட்டாள். மகன் விளையாடினால் வீட்டு யு.பி.எஸ். கீச்சென்று கத்தியது. அந்த 250ஐ அந்த வீட்டில் யாரும் கண்ணால் பார்த்ததே இல்லை. பார்க்கவும் முடியாது.

60 ஹெர்ட்ஸ் மானிட்டர் விநாடிக்கு 60 முறைதான் படத்தை மாற்றும். கார்டு 250 பிரேம் வரைந்தாலும் மீதியைக் காட்ட வழி இல்லை. (பட்டனை அழுத்தியதற்குப் பலன் சில மில்லி விநாடி முன்னதாகத் தெரியும் என்பது உண்மை. போட்டிகளில் விளையாடுபவருக்கு அது வேண்டும். ஏழாம் வகுப்புப் பையனுக்கு வேண்டுமா என்பது உங்கள் விருப்பம்.) பாதி படம் ஒரு பிரேமிலிருந்தும் மீதிப் படம் அடுத்த பிரேமிலிருந்தும் வந்து திரை கிழிந்தது போல் தெரிவதும் இதனால்தான். அதைத் தடுக்க வி-சின்க் என்ற செட்டிங் உண்டு. ஆனால் பழைய முறையில் அதைப் போட்டால் கார்டு 55 பிரேம் தரும் இடத்தில் திரையில் 30 ஆக விழுந்து விடும். திரையே கார்டின் வேகத்துக்குத் தக்கபடி தன்னை மாற்றிக் கொள்ளும் வழி 2013ல் ஜி-சின்க் என்ற பெயரில் வந்தது, பின்னர் பிரீசின்க் வந்தது. பிளே ஸ்டேஷன் 5க்கு இது போன்ற வசதி 2022ல் கிடைத்தது, டிவியும் அதற்கு இடம் தர வேண்டும். புதிதாக மானிட்டர் வாங்குபவர்கள் இந்த வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். என்னைக் கேட்டால் கார்டில் அடுத்த மாடலுக்குத் தாவுவதை விட இதற்குச் செலவு செய்வது நல்லது.

திரையின் அருமைக்கு இன்னொரு உதாரணம் 40 பிரேம். 2021ல் வந்த ராட்செட் அண்ட் கிளாங்க்: ரிப்ட் அபார்ட் கேமுக்குப் பின்னர் 40 பிரேம் வழி ஒன்றைச் சேர்த்தார்கள். 40 என்பது 30க்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். நேரக் கணக்கில் பாருங்கள். 40 பிரேம் என்றால் ஒன்றுக்கு 25 மில்லி விநாடி. 33.3க்கும் 16.7க்கும் சரியாக நட்டநடு! முப்பதின் அழகில் பெரும் பகுதியும் அறுபதின் லாகவத்தில் பாதியும் கிடைக்கும். ஆனால் 120 ஹெர்ட்ஸ் டிவி வேண்டும். 120ஐ 40 மூன்று முறை வகுக்கும், 60ஐ வகுக்காது.

ஏற்கெனவே 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்திருப்பவர்கள் ஒன்றைச் சரி பார்த்து விடுங்கள். டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து டிஸ்பிளே செட்டிங்ஸ் செல்லுங்கள். அங்கே அட்வான்ஸ்டு டிஸ்பிளே பகுதியில் ரெப்ரெஷ் ரேட் எவ்வளவு என்று இருக்கும். பல வீடுகளில் மானிட்டர் வாங்கிய நாளிலிருந்து 60லேயே இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அப்படியே கம்ப்யூட்டரின் பின்பக்கமும் பாருங்கள். மானிட்டர் கேபிள் கிராபிக்ஸ் கார்டில் செருகியிருக்க வேண்டும். மேலே மதர்போர்டில் செருகியிருந்தால் கார்டுக்குக் கொடுத்த காசு பெரும்பாலும் சும்மா கிடக்கிறது.

அப்படியானால் எதை வாங்குவது?

வீட்டில் படிப்புக்கும் வேலைக்கும் கம்ப்யூட்டர் இருக்கிறது, நல்ல டிவி இருக்கிறது, பெரிய கேம்களை விளையாட ஆசை என்றால் கன்சோல் வாங்குங்கள் என்பேன். ஒரே கன்சோல் எல்லார் வீட்டிலும் ஒரே மாதிரி ஓடும். விமர்சனத்தில் பார்த்தது உங்கள் வீட்டிலும் கிடைக்கும். பிளே ஸ்டேஷன் 5 நம் நாட்டில் 2021 பிப்ரவரியில் 49,990 ரூபாய்க்கு வந்தபோது அந்தத் தொகைக்கு அந்தத் திறனுள்ள கம்ப்யூட்டரை யாராலும் அசெம்பிள் செய்திருக்க முடியாது. கன்சோலைக் கொள்முதல் விலைக்குக் கிட்டத்தில் விற்று விட்டு கேம் விற்பனையில் சம்பாதிப்பது இவர்கள் வழக்கம். எனவே கேம் விலையையும், ஆன்லைனில் விளையாட ஆண்டுச் சந்தாவையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். பழையதாகும்போது விலை இறங்கும் என்றும் காத்திருக்க வேண்டாம்; 2022 நவம்பரில் அதே கன்சோல் 54,990 ஆயிற்று.

பையன் விளையாடுவது வாலரன்ட், கவுன்டர் ஸ்டிரைக் போன்றவைதான் என்றால் கதை வேறு. அவை சாதாரண கார்டிலும் நன்றாக ஓடும், இலவசமாகவும் கிடைக்கும். வீடியோ எடிட்டிங், முப்பரிமாண டிசைன் கற்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தாலும் கிராபிக்ஸ் கார்டு பணம் வீண் போகாது. எப்போதாவது ஞாயிற்றுக்கிழமை விளையாடுபவர் என்றால் கார்டே வேண்டாம். ப்ராசசரோடு வரும் கிராபிக்ஸ் போதும். ஒரே ஒரு ராம் போட்டிருந்தால் அதே அளவில் இன்னொன்றைப் போடுங்கள். அந்த வகை கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ராமைத்தான் கடன் வாங்குகிறது. இரண்டு ராம் இருந்தால் இரண்டு பாதையில் வாங்கும். குறைந்த செலவில் பிரேம் கூடும். மகளின் பத்து டேப்பும் இழுக்காது.

கார்டுதான் என்று முடிவு செய்து விட்டால் கடையில் ஒன்று மட்டும் செய்யுங்கள். உங்கள் மானிட்டரின் மாடல் பெயரைச் சீட்டில் எழுதிக் கொண்டு போங்கள். பையன் விளையாடும் கேமையே அந்த மானிட்டரின் அளவில், பிரேம் செருகும் வசதியை நிறுத்தி விட்டு, பத்து நிமிடம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மூலையில் உள்ள எண்ணைப் பார்க்க வேண்டாம். கூட்டமும் புகையும் வெடியும் வரும் இடத்தில் படம் தடுக்குகிறதா என்று பாருங்கள். பையனையே ஓட்டச் சொல்லி அவன் முகத்தையும் பாருங்கள். "அதெல்லாம் முடியாது சார்" என்றால் பரவாயில்லை. ரிச்சி தெருவில் அடுத்த கடை பத்தடி தூரம்தான்.